பங்காளி தேடிப் போனது

மே 6, ஞாயிறு

காலை எட்டுக்கே வெயில். ஆற்றில் வெறும் மணல். மகள் சுதாவின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. எந்தக் குலதெய்வம்? மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது விழித்தேன். பங்காளிகள் யார் யார் என்றார்கள். அதற்கும் விழித்தேன். தாத்தா சாமிநாதன் சீர்காழிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பிழைக்க வந்தவர். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, கேட்க அப்பாவும் இல்லை. பேங்கில் ஊரார் கையெழுத்தையெல்லாம் சரிபார்த்தவனுக்குச் சொந்தப் பூட்டன் பெயர் தெரியவில்லை. வெட்கக்கேடு. வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு சும்மாதானே இருக்கிறேன், தேடலாம்.

மே 9, புதன்

தாத்தாவின் ஊர். பஸ்ஸில் இடுப்பு போச்சு. தெருவுக்கு ஒரு சாமிநாதன். பேரனுக்குத் தாத்தா பெயர், அவன் பேரனுக்கு மறுபடி அதே பெயர். இனிஷியல் அப்பாவோடு நின்றுவிடுகிறது. பெண்கள் பெயரோ ஒருவருக்கும் நினைவில்லை, பிறந்த ஊரைச் சொல்லித்தான் அடையாளம். மதியம் வரை அலைச்சல்.

பிறகு புத்தி வந்தது. எழுதி வைக்கிறேன்: பெயரைக் கேட்காதே. யார் சாவுக்கு யார் தலை முழுகினார்கள் என்று கேள். தீட்டு காத்தவன்தான் பங்காளி.

டீக்கடையில் அப்படியே கேட்டேன். ஒரு கிழவர் உடனே சொன்னார்: "தஞ்சாவூரு போன சாமிநாதனா? அவரு செத்த சேதி வந்தப்ப மேலத்தெரு கோவிந்தராசு வீட்லதான் தலை முழுகுனாங்க."

நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. யார் மூலமோ கேள்விப்பட்டு முழுகியிருக்கிறார்கள்.

மே 13, ஞாயிறு

மனைவி வசந்தா, சுதாவுடன் மேலத்தெரு. கோவிந்தராசு, அப்பாவின் பெரியப்பா மகன். எனக்குப் பெரியப்பா முறை. எண்பது தாண்டிவிட்டது, குசும்பு போகவில்லை. "வாடா. போனவன் போனவன்தான்னு தண்ணி தெளிச்சு விட்டுட்டோம். பேரன் வந்துட்டியே!" கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அவரே அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப் போனார். முதல் பத்திரிகை வைத்தோம்.

அவர் மகன் செல்வம், துபாயிலிருந்து திரும்பி வந்து பவர் டில்லர் ஓட்டுகிறான். வாய்க்கு வாய் "அண்ணே". நான் போட்ட வம்சப் படத்தைச் சுவரில் ஒட்டினான். பெரியப்பா: "கல்யாணத்துல ஒங்கப்பன் எடத்துல நான் நிப்பேன். வேட்டி மட்டும் நல்லதா எடுத்துக் குடு."

பஸ்ஸில் சுதா: "இந்தத் தாத்தா சூப்பர்ப்பா."

மே 29, செவ்வாய்

வாழைமரம், மைக் செட், ஐஸ் பெட்டி, பூக்காரர். பெரியப்பா வேட்டி எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ஞாயிறு மாப்பிள்ளை கலிபோர்னியா திரும்புகிறார், அதற்கு மேல் லீவு கிடையாது.

இதை எழுதும்போது போன். செல்வம்.

"அண்ணே, அப்பா போயிட்டாங்கண்ணே. விடியக்காலம். மத்தியானத்துக்கு மேல எடுக்குறோம். கல்யாண வீடாச்சேன்னு கையே ஓடல. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

பதினாறு நாள் தீட்டு. கல்யாணம் நின்றுவிடும். என் வாய் தானாகப் பேசியது.

"தம்பி, நானே சொல்லணும்னு இருந்தேன். திரும்ப விசாரிச்சேன். எங்க சாமிநாதன் வேற, உங்க சாமிநாதன் வேற போல. ஒரே பேரு ஊருக்குள்ள நெறைய பேருக்கு இருக்குல்ல?"



"சரிங்க சார்," என்றான். "கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

வசந்தா கடையிலிருந்து கோலமாவுடன் வந்தாள். சொன்னேன். "நீங்க தேடாம இருந்திருந்தா நமக்கு ஏது தீட்டு? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தீங்க." நியாயம்போலத்தான் இருந்தது. ஆனால் அவள் மேல் பழி போட முடியாது. பொய் சொன்னபோது அவள் வீட்டிலேயே இல்லை. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பாத்ரூமில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வெயிலுக்கு என்றேன். அவள் கேட்கவேயில்லை.

ஜூன் 1, வெள்ளி

கல்யாணம் நன்றாக நடந்தது. ரசம் பிரமாதம் என்றார்கள். சம்பந்தி கேட்டார், "சீர்காழிப் பெரியப்பா வரலீங்களா?"

"ஒடம்பு முடியலீங்க."

செத்தவருக்கு உடம்பு முடியவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷன்.

ஜூன் 5, செவ்வாய்

மாப்பிள்ளை போயாயிற்று. விசா வரும்வரை சுதா இங்கேதான். வம்சப் படத்தை லேமினேட் செய்து தரச் சொல்கிறாள், அங்கே கொண்டுபோய் மாட்டுவாளாம். "தாத்தா பேரு மேல ஒரு போட்டோ ஒட்டலாம்ப்பா. கேட்டு வாங்குங்க."

சரி என்றேன். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வேட்டி இன்னும் பீரோவில்.

ஜூன் 13, புதன்

வீட்டில் சொல்லவில்லை. வேட்டிப் பையோடு முதல் பஸ். இன்று பெரியப்பாவுக்குப் பதினாறாம் நாள் கருமாதி.

ஆற்றில் தண்ணீர் இல்லாததால் பம்புசெட்டில் வைத்திருந்தார்கள். நாவிதர் கத்தியோடு தயார். "பங்காளிங்கல்லாம் இப்படி வரிசையா உக்காருங்க." ஏழெட்டுப் பேர் வரப்போரம் சம்மணம் போட்டார்கள். நானும் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தேன்.

செல்வம் பார்த்துவிட்டான். வேகமாக வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. முகத்தில் கோபமே இல்லை.

"வாங்க சார். வெயில்ல நிக்காதீங்க." திரும்பி யாரிடமோ, "தஞ்சாவூர்லேருந்து வந்திருக்காங்க. சாருக்கு நெழல்ல ஒரு சேர் போடுங்கப்பா."

போட்டார்கள். பித்தானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.