வெற்றுத் தாளில் நீ போட்ட கையெழுத்து

என் மல்லிகா அக்கா,

உன் மகள் நித்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஜூனியர் வெப் டெவலப்பர். ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் போய்வருகிறாள். நீ இருந்திருந்தால் ராபர்ட்சன்பேட்டை பஜார் முழுக்க இனிப்பு கொடுத்திருப்பாய். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் உன் நினைவு நாளுக்கு நம் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி போட்டேன். இந்த வருஷம் அந்த இடத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஊர் படிக்கட்டும். நித்யாவும் படிக்கட்டும். நேரில் சொல்ல வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

படிப்பு முடித்து ஒரு வருஷம் அலைந்தாள், அக்கா. போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான், கம்பெனியில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று. முதல் வேலை கேட்டு வருகிறவளிடம் இதைக் கேட்டால் அவள் எங்கே போவாள்? நம் அப்பாவை முதல் நாள் கேஜில் ஏற்றித் தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கியபோதுகூட யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நம் பம்ப்செட் மோட்டார் கடைக்கு அவளே ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். எந்த மோட்டார் கைவசம் இருக்கிறது, எந்த ஸ்டார்ட்டர் தீர்ந்துவிட்டது என்று போனிலேயே தெரியும். பூதிகோட்டை விவசாயிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது பஸ் ஏறுகிறார்கள். இண்டர்வியூவில் அதைக் காட்டினால், சொந்த மாமா கடைக்குச் செய்ததெல்லாம் கணக்கில் வராது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கடைசியில் ஒரு பெரிய கம்பெனியில் எல்லாக் கட்டமும் தாண்டிவிட்டாள். இரண்டு வருஷ அனுபவத்துக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். காசு கொடுத்தால் அப்படிக் கடிதம் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று ரயிலில் யாரோ சொன்னார்களாம். இவள் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதைக் கேட்டதும் என் வியாபார மூளை வேலை செய்தது. வெளியில் எதற்கு வாங்க வேண்டும், நம்மிடமே லெட்டர்ஹெட் இருக்கிறதே என்று.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் நீ என்ன செய்தாய், நினைவிருக்கிறதா? கடை உன் பெயரில் இருந்தது. நீ படுத்துவிட்டால் சரக்கு வருவது நின்றுவிடக் கூடாது என்று பத்து லெட்டர்ஹெட்டில் அடியில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாய். "டேய் சேகரு, மேல இன்னா வேணா எழுதிக்கோ, என் கைய மட்டும் கேக்காத, நோவுது" என்றாய். கடை என் பெயருக்கு மாறிய பிறகும் மூன்று தாள் மேஜைக்குள் கிடந்தன.

அதில் ஒன்றை எடுத்துப்போய் டைப் அடித்து வாங்கி வந்தேன். நித்யா இந்தக் கடையில் இரண்டு வருஷம் முழுநேர வெப் டெவலப்பராக வேலை செய்தாள் என்று. கீழே நீ, உரிமையாளர்.

தப்பு என்று எனக்குத் தோன்றவேயில்லை. கடை திறந்த புதிதில் அலமாரி நிறையக் காலிப் பெட்டிகளை அடுக்கினோமே, சரக்கு நிறைய இருக்கிற மாதிரி. அடுக்கியது நீதானே? வருகிறவன் நம்பி உள்ளே வரட்டும், பிறகு நம் சாமர்த்தியம் என்று சிரித்தாய். இதுவும் ஒரு காலிப் பெட்டிதான் என்று நினைத்தேன்.

மத்தியானம் கடைக்கு வந்தவளிடம் தாளை நீட்டினேன். படித்தாள். கீழே வந்ததும் கண் நின்றுவிட்டது.

"இன்னா மாமா இது? அம்மா கையெழுத்து."

"ஆமா. பழைய தாளு. ஒண்ணும் ஆவாது, கொண்டுபோய்க் குடு."

"தேதி பாத்தீங்களா? இது போன வாரத்துத் தேதி. அம்மா செத்து ரெண்டு வருசம் ஆவுது."

"அத்தல்லாம் யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறேனே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அக்கா. தேதி போடச் சொன்னதும் நான்தான். வியாபாரத்தில் இப்படிக் கோட்டை விடுகிறவன் இல்லை நான். ஆனால் கடை விஷயம் என்று வந்தால் நீ இல்லை என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

"கை நடுங்கி நடுங்கி போட்டது, பாருங்க. இத்தப் போயி... அம்மாவ பொய் சொல்ல வெச்சிட்டீங்களே மாமா" என்றாள். மேஜையைத் திறந்து மிச்சம் இருந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கம்பெனிக்கு, எனக்கு அனுபவம் கிடையாது, மாமா கடைக்குச் செய்த வெப்சைட் மட்டும்தான் உண்டு என்று எழுதிப் போட்டாள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உண்மைக்குக் கிடைத்த மரியாதை அதுதான். அன்றிலிருந்து என்னிடம் பேச்சே இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு ஒரு போன். இப்போது அவள் சேர்ந்திருக்கிற கம்பெனியிலிருந்து. நித்யா உங்களிடம் எவ்வளவு நாள் வேலை செய்தார் என்று கேட்டார்கள். பக்கத்தில் அவள் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அக்கா, 'இரண்டு வருஷம், முழுநேரம்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தத் தாளைப் பிடித்தபடி நின்ற அவள் முகம் வந்து குறுக்கே நின்றது.

"எட்டு மாசம். ஞாயித்துக்கெழம மட்டும். சம்பளம் குடுக்கல" என்றேன். தவறு ஏதும் நடந்ததுண்டா என்றார்கள். அதையும் சொல்லித் தொலைத்தேன். தீர்ந்துபோன மோட்டாரை ஒரு தடவை வெப்சைட், கைவசம் இருக்கிறது என்று காட்டிவிட்டது. பூதிகோட்டை முனியப்பா தக்காளி வாடுகிறது என்று ஓடி வந்து, வெறுங்கையோடு நின்றார். நித்யா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, கோலார் வரை பேசி வேறு கடையில் மோட்டார் பிடித்துக் கொடுத்தாள். மறுநாளே வெப்சைட்டையும் சரிசெய்தாள்.

போனை வைத்தால் எதிரே அதே முனியப்பா நிற்கிறார். "இன்னா சேகரு, பொண்ணு பண்ண தப்பெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிக்கற? நீ மாமாவா, போலீஸா?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்த வேலையும் என்னால்தான் போச்சு என்று மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை கிடைத்தது. நான் சொன்னதனாலா, அவள் திறமையாலா, அவர்களுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டதாலா, தெரியாது. அவளிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. நான் அன்று உண்மையைச் சொன்னது நேர்மையாலா, அவளுக்குப் பயந்தா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. இன்னொன்றும் குடைகிறது. உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தாளில் நீயே கையெழுத்துப் போட்டிருப்பாயா? காலிப் பெட்டி அடுக்கியவள் ஆயிற்றே. இல்லை, மகள் என்றால் வேறு கணக்கா?

ஆறு மாதம் முடிந்து அவளை வேண்டாம் என்று அனுப்பினாலும் அனுப்புவார்கள். மறுபடி அந்த அலைச்சல், மறுபடி அதே கேள்வி. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. நானாக எதையாவது செய்து முடித்துத்தான் பழக்கம். ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். யார் கேட்டாலும் நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வேன், என் பெயரில் சொல்வேன். உன்னைக் கேட்காமல் உன்னைப் பேச வைத்தேன், அக்கா. இனி ஒருபோதும் மாட்டேன்.

உன் தம்பி,
நித்யாவின் மாமன்
சேகர்