வாயாடிக்கு ஒரு வரன்

பிப்ரவரி 6

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். போனில் பேசினால் இந்த விஷயத்தில் நாம் இருவரும் சண்டை போட்டு முடித்துவிடுவோம். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

நேற்று எங்கள் மிருகக்காட்சிசாலை டைரக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இங்கே நான் பார்த்துக்கொள்கிற பழைய நீர்நாய்க் குளத்தில் அடைக்க அடைக்க விரிசல் விழுவதும், அதை மூடப் போவதும் உனக்குத் தெரியும். நீர்நாய்கள் எங்கே போக வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது என்று சொல்லி, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அடியில் உன் பெயர். பெயருக்குக் கீழே உன் பதவி, இரண்டு வரி நீளத்துக்கு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். இத்தனை நாட்டு மிருகக்காட்சிசாலைகளில் எந்த நீர்நாய் எங்கே வாழ்வது என்று சொல்கிற இடத்தில் நான் பெற்ற பெண்! டைரக்டர், "உங்க பொண்ணுதானே?" என்றார். "என் பொண்ணேதாங்க" என்றேன். வெளியே வந்து டிக்கெட் கொடுப்பவரிலிருந்து தோட்டக்காரர்வரை ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன். யானைக்காரர்தான், "இதோட மூணு தடவ சொல்லிட்டீங்கக்கா" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் கடிதத்தை முழுசாகப் படித்தேன். நம் நீர்நாய்களில் பெரியவரும் அவர் ஜோடி மகாராணியும் அவர்களுடைய மூன்று சின்னப் பிள்ளைகளும் உன் பூங்காவுக்கு வருகிறார்கள். நல்லது. மூத்த மகள் வாயாடி மட்டும் தனியாக மலையடிவாரப் பூங்காவுக்கா?

தம்பி தங்கைகளுக்கு நீச்சல் பழக்கியவளே அவள்தான். கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் போடுவாள். ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டு ஒரே பெட்டியில் தூங்குகிற ஜீவன்கள் அவை. அதிலிருந்து ஒருத்தியை உருவி எடுக்க என் மகளா கையெழுத்துப் போட வேண்டும்?

மாற்றி எழுது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அம்மா


பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியை மூன்று முறை படித்தேன். இரண்டாம் பாதிக்கு ஒரு முறையே போதும் என்றிருந்தது.

மகாராணி வெயில் காய்கிற அழகைப் பார் என்று நீ ஒரு போட்டோ அனுப்பினாய். நான் பார்த்தது ஓரத்தில் நின்ற வாயாடியை. வாலடியில் கடிகாயம். கடித்தது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், தாய்க்கு இனி அவளைப் பொறுக்காது. காட்டில் என்றால் வாயாடி ஆற்றோடு போய்விடுவாள். நம்மிடம் சுவர்தான் இருக்கிறது. வழியை நாம்தான் திறந்துவிட வேண்டும். இங்கே வந்தால் புது இடம், புதுப் பயம், அத்தனையும் அவள் தலையில்தான் விடியும்.

மலையடிவாரப் பூங்காவில் ஒரு ஆண் இருக்கிறான். துரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் ஜோடி நோயில் செத்துப்போய்விட்டது. மீனைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறானாம். நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம், பதில் சொல்ல யாருமில்லை. நம்மிடமோ பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள்.

அதனால் மாற்றி எழுத மாட்டேன், அம்மா. என்மேல் கோபப்படு, பரவாயில்லை. ஆனால் அவளை வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. நீயே கூடப் போ.

அதெல்லாம் முடிந்ததும் நீயும் அப்பாவும் என்னிடம் வந்துவிடுங்கள். மாடி அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். குளமே போனபிறகு உனக்கு அங்கே என்ன வேலை? போதும், ஓய்வு எடு.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 28

பாப்பாவுக்கு,

பதில் வரவில்லை என்றால் கோபம் என்று நினைத்திருப்பாய். பாதி கோபம், பாதி வேலை.

உன் கடிதம் வந்த சில நாளில், மீன் போடும் நேரத்தில், மகாராணி வாயாடியைக் குளத்தைச் சுற்றிச் சுற்றி விரட்டினாள். பெரியவர் நடுவில் போய் நின்று கத்திப் பார்த்தார். வீட்டுக்காரர் பேச்சு எடுபடவில்லை. நான் போய்ப் பலகையை இடையில் செருகுவதற்குள் வாயாடியின் காது கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வலைக்கு அந்தப் பக்கம், தனிக்கூண்டில். இனி நீயே மாற்றி எழுதினாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

மற்றவர்களைப் பயணப்பெட்டிக்குப் பழக்கியது தனிக் கதை. பெட்டிக்குள் இறால் வைத்தால் சின்னவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள். மகாராணி இரண்டு நாள் யோசித்தாள். பெரியவர் மட்டும் வாசலில் நின்றபடி கையை உள்ளே விட்டு, இறாலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். கை எட்டாத ஆழத்தில் வைத்த பிறகுதான் உடம்பையும் உள்ளே கொடுத்தார்.

நேற்று ஏற்றி அனுப்பிவிட்டோம். நீ சொன்னபடி, படுத்துப் பழகிய வைக்கோலையே ஆளுக்குக் கொஞ்சம் வைத்தேன். ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும்படி பெட்டிகளை அடுக்கினோம். ஒன்று விசில் கொடுத்தது, அடுத்தது பதில் கொடுத்தது, அப்படியே வரிசையாக. லாரி டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, "என்னம்மா, அட்டென்டன்ஸ் எடுக்குதுங்களா?" என்று கேட்டார்.

கூண்டிலிருந்து வாயாடியும் பதில் கொடுத்தாள். லாரி கேட்டைத் தாண்டும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். நான் ஹோஸ் பைப்பை எடுத்து, யாரும் இல்லாத குளத்தை மூலை முடுக்கெல்லாம் கழுவினேன்.

பத்திரமாகச் சேர்ந்ததும் தகவல் சொல். மாடி அறைக்கு என்ன நிறம் என்று அப்பா கேட்கிறார்.

அம்மா


ஏப்ரல் 11

அன்புள்ள அம்மா,

வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று போனில் ஒரு வரி சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது.

புதிதாக வருகிற மிருகங்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் அறையில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நடுப்பிள்ளை குண்டனுக்கு மட்டும் மூச்சு இரைத்தது. டாக்டர் தூக்கிக்கொண்டு போய் மருந்து கொடுத்து, இரண்டு நாள் தன் பார்வையிலேயே வைத்திருந்தார். குணமாகித் திரும்பி வந்தான். மேலெல்லாம் மருந்து வாடை. பெற்ற தாயே பல்லைக் காட்டிச் சீறினாள். உடன்பிறந்தவர்கள் வாலைப் புடைத்துக்கொண்டு நின்றார்கள். குண்டன் மூலையில் ஒடுங்கிக் கிடந்து அழுத அழுகையை உன்னால் கேட்டுப் பொறுத்திருக்க முடியாது.

தனியாகவே வைத்துவிடலாம் என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். இன்னும் சில நாள் தள்ளி வைத்தால் அடியோடு மறந்துவிடுவார்கள் என்றேன். அங்கே நின்றவர்களில் என்னைவிட அனுபவத்தில் மூத்தவர்கள் எத்தனையோ பேர். முடிவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

மீன் கழுவிய தண்ணீரை வாளியில் கொண்டு வந்து ஐந்து பேர்மேலும் ஊற்றினேன். என்மேலும் கொட்டிக்கொண்டேன், அது கணக்கில் இல்லை. எல்லாருக்கும் ஒரே நாற்றம். வழவழப்பு தாங்காமல் ஒருவரை ஒருவர் நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். மகாராணி ஒருவனை முடித்தாள், அடுத்தவளை முடித்தாள், மூன்றாவதாகக் கைக்கு அகப்பட்டவன் குண்டன். பாதி நக்கிய பிறகு ஒரு கணம் நிறுத்தி முகர்ந்து பார்த்தாள். பிறகு காதுக்குப் பின்னால் தொடர்ந்தாள்.

எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று எங்கள் டைரக்டர் கேட்டார். புத்தகம் இல்லை, நான் வளர்ந்த வீட்டில் அம்மா வேலை முடிந்து மீன் நாற்றத்தோடு வந்து எல்லாரையும் கட்டிக்கொள்வாள், அப்புறம் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

வாயாடி என்ன ஆனாள்? எழுது. நிறம் வெளிர்பச்சை என்று அப்பாவிடம் சொல்.

பாப்பா


மே 16

என் அன்பு மகளுக்கு,

வாயாடியோடு வந்திருக்கிறேன், மலையடிவாரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நீர்நாய்களைப் பார்த்துக்கொள்பவர் முன்பு பறவைப் பிரிவில் இருந்தவர். நான் கிளிக்காரர் என்று கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்வதில்லை, நல்ல மனுஷர்.

முதலில் இரண்டு பேருக்கும் நடுவில் வலை. துரை வலையைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினான். நம் வாயாடி, வாயைத் திறக்காமல் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் முறையாகப் பேசாமல் இருந்தாள். பெண் பார்க்க வந்த வீட்டில் இருக்கிற மாதிரி எனக்கும் கிளிக்காரருக்கும் ஒரே தவிப்பு. இவள் வைக்கோலை அவனுக்கும் அவன் வைக்கோலை இவளுக்கும் மாற்றி மாற்றிப் போட்டோம். பத்துப் பன்னிரண்டு நாளில் வலையோரம் வந்து படுத்தாள்.

கதவைத் திறந்த அன்றைக்கு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. துரை ஆசையாக ஓடி வந்தான், இவள் மூக்கில் கடித்தாள். உருண்டார்கள், தண்ணீருக்குள் விழுந்தார்கள், ஒரே கூச்சல். மகாராணி காதைக் கிழித்தது என் கண்முன் வந்து நின்றது. கதவுக் கயிறு என் கையில் இருந்தது. இத்தனை வருஷ அனுபவமும் எங்கே போனதோ, உனக்குப் போன் போட்டேன். நீ கேட்டது ஒரே கேள்வி.

"ரத்தம் வருதாம்மா?"

"இல்ல."

"அப்ப கதவ மூடாத. அவங்க பேசி முடிக்கட்டும்."

மூடவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டியில். அவன் வயிற்றின்மேல் இவள் தலை. இப்போது அவன் மீனை மிச்சம் வைப்பதில்லை, இவள் விட்டால்தானே.

இந்த ஜோடியைச் சேர்த்தது யார் யோசனை என்று இங்கே உள்ள டைரக்டர் கேட்டார். சொன்னேன். பாப்பா, அன்றைக்கு நீ மாற்றி எழுதியிருந்தால் சொன்ன சொல் கேட்கிற மகள் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். இப்போது, பெற்ற அம்மா கேட்டும் வளையாதவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லும்போதுதான் நெஞ்சு நிமிர்கிறது.

இன்னொரு விஷயம். இங்கே நீர்நாய்களுக்குப் பெரிய பிரிவு தொடங்குகிறார்கள். பொறுப்பெடுத்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். அப்பாவைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். பிறகு பயந்துகொண்டே சொன்னேன். "எனக்கென்ன, ரிப்பேராகாத வண்டி எந்த ஊர்லயும் கிடையாது" என்று தன் வண்டிப் பட்டறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

ஆகையால் உன் மாடி அறைக்கு நாங்கள் வரவில்லை. ஓய்வெடு என்று அன்பாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் எனக்கு இப்போதுதான் வேலை சூடு பிடித்திருக்கிறது. மனசு வருத்தப்படாதே.

ஆசிகளுடன்,
அம்மா


ஜூன் 21

அன்பு அம்மாவுக்கு,

வருத்தப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மாடிக்குப் போய், வாங்கி வைத்திருந்த கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ இங்கே வந்திருந்தால் ஒரு மாதம் ஓய்வெடுத்திருப்பாய், அடுத்த மாதம் என் குளத்தைக் கழுவ வந்து நின்றிருப்பாய். அந்த அறையை என்னுடன் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் வாடகை வீடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தாள்.

பெரியவர் குடும்பத்தைப் பெரிய குளத்தில் விட்டாயிற்று. பார்க்க வருகிறவர்களுக்கு இடம் போதவில்லை. குண்டன்தான் எல்லாருக்கும் செல்லம்.

இனி அலுவல் விஷயம். ஒரு தாயும் தகப்பனும் ஏழு பிள்ளைகளும் கொண்ட நீர்நாய்க் குடும்பம் ஒன்றுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. இதுவரை யாரும் இத்தனை பேரைச் சேர்த்து இடம் மாற்றியதில்லை. மூன்று பூங்காக்கள் கேட்டிருந்தன, அதில் ஒன்று உன்னுடையது. இதை முடிவு செய்யக் கமிட்டி கூடியது. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் என் அம்மா, அதனால் நான் இதில் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். நடைபாதையில் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றேன். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. எழுதியது நீ.

கதவு திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். உனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாயாடியும் துரையும் சேர்ந்ததைப் பற்றி உன் பூங்கா அனுப்பியிருந்த அறிக்கையை எல்லாரும் படித்திருந்தார்களாம். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லையாம். தலைவர் எழுந்து வந்தார். உங்கள் அம்மாவாக இல்லாவிட்டாலும் இந்தக் குடும்பத்தை அவரிடம்தான் அனுப்பியிருப்போம் என்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். இதில் நான் செய்தது ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, அம்மா. எல்லாக் கையையும் வாங்கிக்கொண்டேன்.

உன் மகள்