பாப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று, ஈஸ்வரிக்கா

என் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்த்த ஈஸ்வரிக்காவுக்கு,

பாப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நீ நிம்மதியாகக் கேட்பாய். இடது கையில் போட்டார்கள். காய்ச்சல் வரவில்லை. கை மட்டும் கொஞ்சம் கனத்ததாம். மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டாள் உன் மகள்.

கூட்டிக்கொண்டு போனது நானில்லை. ரேவதி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல காரியம் நடந்திருக்கிறது, எனக்கோ வயிறு எரிகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

என்ன ஊசி என்று கேட்பாய். உன்னைக் கொண்டுபோன கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு கிருமியால் வருகிறது. எச்.பி.வி. என்று பெயர். அந்தக் கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்னால், சின்ன வயதிலேயே ஊசி போட்டுவிட்டால் பெருமளவுக்குத் தடுத்துவிடலாம். அவ்வளவுதான் விஷயம். உனக்கு இதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் அந்த வயதில் யாரும் சொல்லவில்லை.

உனக்கு மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் பட்டபோது நீ என்ன நினைத்தாய்? சூடு என்று நினைத்தாய். நம் பக்கத்தில் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், சூடு. தோட்டத்தில் வெயிலில் நின்று திராட்சைக் குலை வெட்டினால் சூடு. மருந்தடித்த வாடையை இழுத்தால் சூடு. வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினாய். இளநீர் குடித்தாய். மச்சானிடம் சொல்ல வெட்கம், டாக்டரிடம் காட்ட அதைவிட வெட்கம். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா கேட்டார்: "இத்தனை நாளா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" நீ சுவரைப் பார்த்தாய். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாம். என்னிடம்கூட ஏனக்கா சொல்லவில்லை?

ரேவதியை உனக்குத் தெரியாது. நீ போன மறுவருஷமே மச்சான் கட்டிக்கொண்டு வந்தார். குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் வளர்ந்தவள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். உன்னைப் பற்றிப் பேசினால் 'சேச்சி' என்பாள். பார்த்தே இராத உன்னை அக்கா என்று சொல்ல அவளுக்கு எப்படி வாய் வருகிறது? எனக்கு வரவில்லை. முறைப்படி நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். இத்தனை வருஷமாக 'ஏங்க', 'இந்தாங்க' என்றே ஓட்டிவிட்டேன்.

பாப்பா அவளை அம்மா என்கிறாள். முதல் தடவை கேட்டபோது நான் வேலை பார்க்கும் தேனிக்குப் பஸ் ஏறி, இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் பாப்பா பெரிய மனுஷியானாள். சுருளிப்பட்டியே திரண்ட மாதிரி சடங்கு. நம் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, நீயும் நானும்தான். தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்று பேச்சு வந்தது. "நான் கொண்டாரேன்" என்றேன். தேனி மொத்தக் கடையில் மிளகுக்கும் ஏலக்காய்க்கும் பில் போடுகிறவள் நான், அந்த அளவுக்குச் சம்பாதிக்கிறேன். பெரியவர்கள் சிரித்தார்கள். "ஏத்தா, பொம்பள எப்படித்தா தாய்மாமனாவா? மீசையா வச்சிருக்க?"

ரேவதியின் அண்ணன் செல்வம் வந்தார். அவருக்கு மீசை உண்டு. தட்டு வரிசை, பட்டு, மாலை, வேட்டு எல்லாம் கொண்டுவந்தார். மண்டப வாசலில் ஃபிளக்ஸ் கட்டினார்கள். நடுவில் பாப்பா, ஒரு பக்கம் மச்சானும் ரேவதியும், மறுபக்கம் செல்வம் கூலிங்கிளாஸோடு. உன் படம் மேல் மூலையில், பொட்டு அளவுக்கு. என் படம் இல்லை. நீ பெற்றாய், யாரோ மாலை போட்டார். அன்றோடு பாப்பாவைப் பற்றி முடிவு சொல்லும் உரிமை அவருக்குப் போய்விட்டது. நம் ஊரில் சீர் கொண்டுவந்தவன் வாய்க்குத்தான் மதிப்பு.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அம்மாக்களைக் கூப்பிட்டு ஒரு நர்ஸம்மா இந்த ஊசியைப் பற்றிப் பேசியிருக்கிறார். வீட்டில் சம்மதித்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் போடுவார்கள். அன்று சாயங்காலமே பாப்பா எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, எங்க கிளாஸ்ல பாதிப் பேரு வீட்ல வேணாம்னுட்டாக. ஊசி போட்டா பிள்ளை பிறக்காதுன்னு யாரோ வாட்ஸப்புல போட்டுவிட்டுட்டாகளாம்."

"உங்க வீட்ல?"

"செல்வம் மாமாட்டக் கேக்கணும்னு அப்பா சொன்னாக."

செத்தது என் அக்கா. கேட்பது செல்வத்திடமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போகும்போது மச்சானும் செல்வமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வந்த காலோடு ஆரம்பித்தேன். மச்சான் சொன்னார்: "இல்லாத நோய்க்கு எதுக்கு வனிதா மருந்து? பிள்ளை நல்லாத்தான இருக்கு."

"திராட்சைக்கு நோய் வந்தப்புறந்தான் மருந்தடிக்கிறீகளா மச்சான்? மேகம் கறுத்தாலே டேங்கைத் தூக்கித் தோள்ல மாட்டுறீக."

"கொடியும் பிள்ளையும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல. கொடியத்தான் நல்லாப் பாத்துக்கிறீக."

செல்வம் பேசினார். "இந்தாத்தா, நான் தாய்மாமன். எனக்கும் இதுல சொல்லு இருக்கு. ஊசி போட்ட பிள்ளைன்னு நாளைக்கு ஊருக்குள்ள பேச்சு வந்தா எவன் வந்து பொண்ணு கேப்பான்? என் மகனுக்குக் கேக்க நானே ரெண்டு தரம் யோசிப்பேன்."

உள்ளே இருந்து பாப்பா குரல் கொடுத்தாள்: "நல்லா யோசிங்க மாமா. அவசரமே இல்ல."

உன் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். செல்வத்துக்கு முகம் கறுத்தது. "இது தப்புத்தண்டாவுக்குப் போறவளுக்கு வர்ற சீக்கு. ஒழுங்கா வளர்ற பிள்ளைக்கு எதுக்கு இது?" என்றார்.

அக்கா, அந்த இடத்தில் நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற என் வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. அவர் உன்னைத்தான் சொன்னார். அது அவருக்கே தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படி வாசலில் அரிசி புடைக்கும் சுளகோடு நின்ற ரேவதி அதைக் கீழே வைத்தாள். "அப்ப ஈஸ்வரி சேச்சி ஒழுங்கில்லாதவுகளா அண்ணே?"

"நான் அவுகளச் சொல்லலத்தா."

"வேற யாரச் சொன்னீக? இந்த வீட்ல அந்த நோய்ல செத்தது அவுகதான். அவுக வாழ்ந்த வீட்டுலதான் நீங்க உக்காந்து காப்பி குடிக்கிறீக. சொல்லுங்க, அவுக ஒழுங்கில்லாதவுகளா?"

செல்வம் மச்சானைப் பார்த்தார். "சீர் செஞ்சவன நடு வீட்ல வச்சு இப்படிக் கேப்பியா?" என்று எழுந்தார்.

"சீர் செஞ்சீக, மாலை போட்டீக, சரி. பிள்ளையோட உசுருக்கும் சேத்தா சீர் செஞ்சீக?"

அவர் சாப்பிடாமல் போனார். இன்றுவரை தங்கை வீட்டுப் படி ஏறவில்லை. ரேவதிக்கு இருப்பது ஒரே அண்ணன்.

உனக்காக ஒருத்தி சண்டை போட்டாள் என்று நான் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்தக் கேள்வி என்னுடையது. என் அக்காவுக்காக நான் கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். அடுப்பை எடுத்துக்கொண்டாள், பாப்பாவை எடுத்துக்கொண்டாள், கடைசியில் உனக்காகக் கோபப்படும் உரிமையையும் எடுத்துக்கொண்டாளா?

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கிருமி காற்றில் வருவதில்லை. ஆணும் பெண்ணும் சேர்வதில்தான் பெரும்பாலும் வருகிறது. உடம்பில் இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்குமாம். உனக்கு அது யாரால் வந்தது? நீ வேறு எங்கே போனாய், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் தவிர? மச்சானைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒழுக்கம் என்ற கேள்வியைச் செத்துப்போன உன்னைப் பார்த்துக் கேட்டவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்து ஏன் கேட்கவில்லை? இந்த ஊரில் எல்லா மீசைக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விடுமுறை.

ஊசி போடும் அன்று நான் கடையில் இருந்தேன். முந்தின நாளே சொல்லியிருந்தால் லீவு போட்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை. மத்தியானம் பாப்பாவின் ஸ்டேட்டஸில் படம் வந்தது. கையில் சின்னப் பஞ்சு, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. தோளில் வளையல் போட்ட ஒரு கை. முகம் படத்தில் இல்லை. வளையலைப் பார்த்தே ரேவதி என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கை என் கையாக இருந்திருக்க வேண்டும். உன் கையாக இருந்திருக்க வேண்டும். ஏலக்காய் மூட்டைக்கு மிளகு என்று பில் போட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

ராத்திரி போன் செய்து, "வலிச்சுச்சா பாப்பா?" என்றேன்.

"இல்ல சித்தி. அம்மா கையப் பிடிச்சுக்கிட்டாக. எனக்கு மேல அவுகதான் கண்ண மூடிக்கிட்டாக."

அன்றைக்குப் பாப்பா மேலேயே பொறாமை வந்தது அக்கா. உனக்குக் கிடைக்காத ஊசி, எனக்குக் கிடைக்காத கை, இரண்டும் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து, அதுவும் உன் பிள்ளையைப் பார்த்து வயிறெரிகிற சித்தி உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா?

போன ஞாயிற்றுக்கிழமை சண்டை போடத்தான் போனேன். ரேவதி பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?" என்றேன்.

"தோணுச்சு. சேதி கசிஞ்சா எங்க அண்ணன் ஆள் விட்டுத் தடுத்துப்புடுவாகளோன்னு பயம். விடிஞ்சதும் கூட்டிட்டு ஓடிட்டேன்." சேலையை முறுக்கிப் பிழிந்தபடியே கேட்டாள்: "வனிதா, எனக்கும் பாக்கணும்ல?"

"என்னத்த?"

"சேச்சிக்கு வந்தத. அதே வீடு, அதே மனுசன்தான." நிமிரவில்லை அவள். "முப்பது தாண்டுனவுக எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்னு நர்ஸம்மா சொன்னாக. முன்னாலயே கண்டுபிடிச்சா ஒண்ணும் ஆகாதாம். தனியாப் போகக் கால் வரல."

"மச்சானக் கூட்டிட்டுப் போறது."

"அவுக கேட்டுக்கு வெளிய நின்னு பீடி குடிப்பாக. நீ வந்தா உள்ளயே வருவ. டாக்டர்கிட்டயும் சண்டை போடுவ. எனக்கு அப்படி ஒரு ஆளு வேணும்." பிறகு மெல்லச் சொன்னாள்: "கொஞ்ச நாளா எனக்கும் இடை நாள்ல ரத்தம் படுது. சூடுன்னு நினைச்சேன்."

சூடு. அந்த ஒரு சொல்லில், மதுரையில் நீ சுவரைப் பார்த்தது என் கண் முன்னால் வந்தது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு நினைப்பு வந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன். இவள் இல்லாமல் போனால் பாப்பா என்னிடம் வந்துவிடுவாள். அப்படி நினைத்தேன். ஒரு கணம்தான். அந்த நேரம் பார்த்துப் பாப்பா ஈரத் தலையோடு வாசலுக்கு வந்து, "அம்மா, துண்டு எங்கன இருக்கு?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ரேவதியைப் பார்த்துக் கேட்டாள். ஒரு தடவை அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை, துண்டு எங்கே என்று கேட்க மறுபடியும் ஒருத்தி கிடைத்திருக்கிறாள் அவளுக்கு. அதைப் பிடுங்கிக்கொள்ளவா நான் இத்தனை நாள் பஸ் ஏறினேன்?

எல்லா ரத்தமும் புற்றுநோய் இல்லை. வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம். அவளிடம் அதைத்தான் சொன்னேன். ஆனால் வெந்தயம் ஊறவைத்த டம்ளர் அடுப்படியில் இருந்தது. அதை எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன்.

செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். பாப்பாவின் இன்னொரு அம்மாவைச் சூடு, சூடு என்று சொல்லிக்கொண்டே சாக விடமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம். பொறாமை போய்விடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அது இருக்கும். பாப்பா 'அம்மா' என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எரியும். எரியட்டும்.

அக்கா என்றும் அவளைக் கூப்பிட மாட்டேன். அது உனக்கு மட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் கூட வந்திருப்பது யார் என்று கேட்பார்கள் இல்லையா? தங்கச்சி என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன்.

ஒரே பாயில் உன் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள்,
பாப்பாவின் சித்தி,
வனிதா