ஒன்பது இலை வேம்பு

ஜூலை 21, செவ்வாய்

நான் எழுதியதைச் செந்தில் எங்கள் குடியிருப்புத் தமிழர் வாட்ஸப் குரூப்பிலிருந்து அழித்துவிட்டான். அட்மினாம். எழுதியது இவ்வளவுதான்: ஓடைக்கரையில் நிற்பது வேம்பு இல்லை, மலைவேம்பு, தின்றால் விஷம். ஆடி வெள்ளிக்குப் பக்கத்துத் தெரு மாலதி வீட்டில் கூழ். தோரணம் அந்த மரத்து இலையில்தான். அது போகட்டும். கொழுந்தை அரைத்து, வயிற்றுப் பூச்சிக்கென்று பிள்ளைகளுக்கு உருண்டை கொடுக்கப்போகிறார்களாம். அதை எப்படி விடுவது?

மகனோடு இருக்கும் இந்த அமெரிக்க ஊர் ஃபிரிஸ்கோவில் காலையிலேயே ரோட்டுத் தார் கொதிக்கிறது. முழங்கால் பரவாயில்லை. தைலம் தீர்ந்தது.

ஜூலை 22, புதன்

நடைபாதையில் செந்திலைப் பிடித்தேன். கையோடு ஓடைக்கரைக் கொப்பு. வேம்பில் ஒரே காம்பு, இரு பக்கமும் சிற்றிலை. இதில் காம்பு மறுபடி கிளைக்கிறது, சிற்றிலை அதில். இந்த முழ நீளமும் சேர்ந்து ஒரே இலை என்றேன்.

"இம்மாம் பெரிசு ஒரே இலையா? அப்போ தோரணத்துக்கு ரெண்டு இலை போதும்ல அங்கிள்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

நூலகத்தில் நானே படித்தது. யாரும் சொல்லித்தரவில்லை.

என் தொட்டி வேம்பு பனியில் கருகி, மறுபடி துளிர்த்திருக்கிறது. ஒன்பது இலை. சிற்றிலையையும் இலையென்று எண்ணும் மருமகள் கணக்கில் நூறு.

மோர்க்குழம்பு. உப்பு கம்மி. சொன்னேன், மருமகள் உப்பு ஜாடியை என் முன் வைத்தாள்.

ஜூலை 23, வியாழன்

மாலதி தானே வந்தாள்.

"செந்தில் ஆப்ல பாத்தா வேம்புன்னுதான் காட்டுது அங்கிள். ஆனா மொத உருண்டை எம் பொண்ணுக்கு. பயமா இருக்கு."

ஒற்றைச் சிற்றிலையைப் படம் எடுத்திருப்பான். கொப்பைக் கொடுத்தேன். இலை கிளையில் சேரும் இடுக்கில்தான் மொட்டு இருக்கும், சிற்றிலை அடியில் இருக்காது, தேடிப் பார் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொன்றாகத் தடவினாள். கடைசியில் கிளையோர மொட்டில் விரல் நின்றது. பிறகு என் தொட்டியைப் பார்த்தாள். காம்பு கிளைக்கவே இல்லை.

"அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேனே."

"உங்க வேம்புல கொஞ்சம்..." என்று இழுத்தாள். தொட்டியை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். காபி குடித்துவிட்டுப் போனாள்.

செய்ய வேண்டியது:

மாலதி: உருண்டைக்கு அரைத்த விழுது இன்றே குப்பைக்கு. குரூப்பில் அவளே எழுத வேண்டும்.

செந்தில்: மன்னிப்பு. தமிழில். ஸ்மைலி கூடாது. இந்தியன் கடையில் தோரணத்துக்கு மாவிலை வாங்கவும் அவன்தான் போக வேண்டும்.

மகன்: தைலம்.

நான்: ஒன்பதில் இரண்டைக் கிள்ளித் தோரணத்துக்குத் தர வேண்டும். இரண்டு போதும் என்று அவனே சொன்னான்.