ஆறு மணிக் கட்டம்

அன்புள்ள ஆறுமணிக்கு,

உன் அவசரக்குடுக்கை எழுதுகிறேன். இந்த இரண்டு பெயரையும் ஒன்பது வருஷமாக யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டாய். மருந்து ஸ்டோரில் சரியாக ஆறு அடிக்கும்போது பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு ஃபிரிட்ஜ் முன்னால் நிற்பாயே, அதற்காக நான் வைத்த பெயர் அது. பதிலுக்கு நீ வைத்தது இது. நீ சௌக்கியமா, வீட்டில் எல்லாரும் நலமா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்தபிறகு நீயே தீர்மானித்துக்கொள்.

மாற்றலாகிப் போன புதிதில் நீ எனக்கு இரண்டு கடிதம் போட்டாய். புது ஊரில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றும், பேச ஆளில்லை என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். பதில் போடவில்லை. மூன்றாவது வராதபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கடைத்தெருவில் நம் பழைய வார்டு சிஸ்டரைப் பார்த்தேன். உன் இப்போதைய முகவரியை அவர்தான் கொடுத்தார். உனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் ஸ்டோர் பொறுப்பாளர் ஆகிவிட்டார்கள், உன் ஃபைலில் அந்தக் குறிப்பு இருப்பதால் நீ மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறாய் என்றார். வாங்கிய காய்கறியை மறந்து கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இங்கே சேதி இதுதான். நான் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். பையன் பெரிய வகுப்புக்குப் போய்விட்டான், வீட்டில் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோருக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று விளம்பரம் பார்த்து மனு போட்டேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வெறும் கேள்வி பதில் இல்லையாம். பத்து நிமிஷம் ஸ்லைடு போட்டுப் பேச வேண்டுமாம். அவர்கள் கொடுத்த தலைப்பைக் கேள்: ‘குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளும் பதிவேடுகளும், சொந்த அனுபவத்திலிருந்து ஓர் உதாரணத்துடன்.’

ஸ்லைடு செய்ய நான் பட்ட பாடு தனிக்கதை. நாம் வேலை பார்த்தபோது இருந்த பொத்தான் எதுவும் இப்போது இருந்த இடத்தில் இல்லை. எழுத்துகள் பறந்து வந்து உட்காருகிற மாதிரி ஒன்று செய்து பெருமையாக இருந்தேன். பையன் பார்த்துவிட்டு, “அம்மா, கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு” என்றான். பறந்ததையெல்லாம் பிடித்து உட்கார வைக்க இரண்டு நாள் ஆனது.

உதாரணத்துக்கு மட்டும் நான் கஷ்டப்படவே இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆறாவது ஸ்லைடில் நம் ஃபிரிட்ஜ் கதையை எழுதினேன். மாலை ஆறு மணிக்கு நான்கு டிகிரி, பத்து மணிக்குப் பதினைந்து, பிளக் கழன்று தொங்கியது, இரண்டு தட்டு இன்சுலினும் தடுப்பூசி மருந்தும் வீண். அதற்குக் கீழே காரணம் என்று போட்டு, ‘மாலைப் பணியாளரின் கவனக்குறைவு’ என்று தட்டினேன். அந்த வரிக்கு எந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்றுகூட மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்பது வருஷமாக மனசுக்குள் அப்படியே சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மையாகிப் போயிருந்தது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் இவரை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். தோளில் துண்டோடு, சாப்பாட்டு மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு, பெரிய அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஒன்பது வருஷம் ஏன் வேலையில் இல்லை என்று கேட்டார். குழந்தைக்காக என்றேன். “மேடம், அப்ப குழந்தைக்கு மூணு வயசு, உங்க மாமியார்தானே பார்த்துக்கிட்டாங்க? இடிக்குதே” என்றார். சிரித்தோம். ஆறாவது ஸ்லைடு வந்தது. இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “இது நம்ம ஆறுமணி கதையாச்சே. அவங்க அவ்வளவு அசட்டையான ஆளா?” என்றார். நான் அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். இவர் விடவில்லை. மேலே இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அது நம்ம கல்யாண நாள். அன்னைக்குப் படத்துக்குப் போனோம். அஞ்சே கால் ஷோ. நீ எனக்கு முன்னாடியே வந்து நின்னுட்டிருந்தே” என்றார்.

சொல்லிவிட்டு எழுந்தார். நாற்காலியை மேஜைக்குள் தள்ளினார், தன் டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் இவர் என்னைத் திட்டியதுண்டு, கோபத்தில் சாப்பிடாமல் போனதுண்டு. அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஆறு மணிவரை டியூட்டி, அதன்பிறகு உனக்கு. நாலு மணிக்கு லேபிள் அடித்தேன். லேபிள் மெஷினுக்குத் தனி பிளக் பாயிண்ட் கிடையாது, ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு இரண்டு நிமிஷம் அடிப்பது நம் எல்லாருக்கும் வழக்கம்தானே. அடித்து முடித்து மெஷினைக் கழற்றினேன். ஃபிரிட்ஜைத் திரும்ப மாட்டவில்லை. மனசெல்லாம் சினிமாவில் இருந்தது. நாலரைக்கே ஃபிரிட்ஜின் வெப்பநிலை சார்ட்டில் ஆறு மணிக் கட்டத்தில் ‘4’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எப்போதும் நாலுதானே இருக்கும் என்ற தைரியம். பையனுக்கு ஜுரம் என்று வாசலில் சொல்லிவிட்டு, ஜன்னலில் ‘இதோ வருகிறேன்’ அட்டையை மாட்டிவிட்டுப் போய்விட்டேன். வாசலில் இருந்தவரைப் பிறகு யாரும் விசாரிக்கவே இல்லை, நீயும் நான் அப்போதுதான் கிளம்பியிருப்பேன் என்று நினைத்திருப்பாய்.

ஆறு மணிக்கு நான் பார்த்திருந்தால் எட்டோ ஒன்பதோ காட்டியிருக்கும். மருந்தும் பிழைத்திருக்கும், நீயும் பிழைத்திருப்பாய். நீ ஏன் பார்க்கவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். கட்டம் நிரம்பியிருந்தால் அடுத்த நேரம்வரை வீணாகக் கதவைத் திறக்கக் கூடாது என்பதுதானே விதி. நீ சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை: “அவ எழுதியிருந்தா சரியாத்தான் சார் இருக்கும்.” உனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நான் இருந்தேன். என்னைக் கேட்டார்கள், ஆறு மணிக்கு நீங்களே பார்த்தீர்களா என்று. “பார்த்தேன் சார், நாலு இருந்தது” என்றேன். அப்படியானால் பிளக்கை நீதான் பிடுங்கியிருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. “அன்னைக்கு சாயங்காலம் நான் லேபிளே அடிக்கலை சார்” என்று நீ மூன்று தடவை சொன்னாய். வெளியே வந்ததும் நான் உன் தோளில் கை போட்டு, கவலைப்படாதே என்று வேறு சொன்னேன். அந்தக் கையை என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்று மாதத்தில் வேலையை விட்டேன். பையனுக்காக என்று ஊரெல்லாம் சொன்னேன். அவன் பாவம், ஒன்றும் தெரியாமல் என் பொய்யைச் சுமந்துகொண்டு வளர்ந்திருக்கிறான். அந்த அறைக்குள் போனால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் என்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது, அதனால்தான் விட்டேன்.

சரி, ஒத்திகைக்குப் பிறகாவது இவளுக்குப் புத்தி வந்து இன்டர்வியூவில் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று நீ நினைக்கலாம். எப்போதும் என்னைப் பற்றி நல்லதாகவே நினைப்பவள் நீ. அன்று காலை அந்தச் சிவப்பு வரியை மட்டும் அழித்துவிட்டுப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தலைமை மருந்தாளுநர் அம்மா. முதல் ஐந்து ஸ்லைடும் நன்றாகப் போனது. ஆறாவது வந்ததும், நேரம் போதாது என்று சொல்லித் தாண்டிவிட்டேன். நேரம் இருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம் தெரிந்தது, இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி. வேலை இடைவெளி ஏன் என்று கேட்டார்கள். குழந்தைக்காக என்றேன். அந்த அம்மா அன்பாகத் தலையாட்டினார்.

போன திங்கட்கிழமை போன் வந்தது. வேலை எனக்குத்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு சார்ட் எழுதவும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். “பதிவேட்டு விஷயத்துல உங்களை மாதிரி ஒருத்தர்தான்மா எங்களுக்கு வேணும்” என்றார் அந்த அம்மா. போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவரிடம் சொன்னேன். சந்தோஷம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆறுமணிக்கு லெட்டர் போட்டியா?” என்றார். ஒரு வாரத்தில் இவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி, உனக்குச் சம்மதமானால் பழைய ஆஸ்பத்திரிக்கு உண்மையை எழுதுகிறேன், நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருந்தேன். படித்துப் பார்த்தேன், என்மேலேயே அருவருப்பாக இருந்தது. உன் நல்ல மனசு வேண்டாம் என்றுதான் சொல்லும், அது எனக்கு நன்றாகவே தெரியும். பழியைத்தான் உன் தலையில் கட்டினேன், மன்னிக்கிற வேலையையும் உன் தலையிலேயே கட்டப் பார்த்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

ஆகவே உன்னைக் கேட்காமலே செய்துவிட்டேன். நேற்றுக் காலை, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, நம் பழைய கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகல் இப்போது உன்மேல் இருக்கும் அதிகாரிக்கு. இன்னொரு நகலும் ஆறாவது ஸ்லைடும் எனக்கு வேலை கொடுத்த அந்த அம்மாவுக்கு. ஸ்லைடில் காரணம் என்ற இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது, கறுப்பு எழுத்தில். இதோடு ரசீதும் நகலும் வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். உன் ஃபைலை அவர்கள் திருத்தாமல் இழுத்தடித்தால் எனக்கு ஒரு வரி போடு, எங்கே வந்து சொல்ல வேண்டுமோ வந்து சொல்கிறேன். புது வேலைக்கு இனி வரச் சொல்வார்களோ, வேண்டாம் என்பார்களோ தெரியாது. வேண்டாம் என்றால் அது நியாயம்தான்.

உன் ஒன்பது வருஷத்தை எந்தக் காகிதமும் திருப்பித் தராது என்பது தெரியும். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. திட்டியாவது இரண்டு வரி எழுது என்று கேட்க ஆசை, அதையும் கேட்கவில்லை. புடவைக்கு அடியில் இருந்த உன் இரண்டு கடிதத்தையும் இன்று எடுத்துப் படித்தேன். தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இதை மூன்றரைக்கே முடித்துவிட்டேன். மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

உன்
அவசரக்குடுக்கை

மாலை மணி ஆறு.