திறப்பு விழாவில் நீ பேசிய பேச்சு

அன்பு மகள் ரோஜாவுக்கு, சிவகாசியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ரயில்வே டீமில் ஆடப் போன இடத்தில், கோரக்பூர் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், நீயும் பிராக்டிசுக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். தம்பி புகழேந்திக்கு அச்சாபீசில் காலண்டர் சீசன், வீட்டுக்கு வருவதே அபூர்வம். அப்பா முன்னைப்போல் யாரோடும் பேசுவதில்லை. காரணம் நீதான்.

மைதானத் திறப்பு விழாவுக்கு வந்து மேடையில் நின்று சொன்னாயே, "இது வெறும் முள்ளுக்காடாக் கிடந்துச்சு, ராஜபாண்டியன் முதலாளிதான் கிரவுண்டாக்கி என்னையப் பந்து போட வச்சாக" என்று. கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்த நம் தெரு மாரித்தாய் மேடையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளுக்காடாகக் கிடந்தது நிஜம். வெட்டியது யார்? நீ பிறப்பதற்கு முன்னால், பட்டாசுக் கம்பெனி லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில், நம் தெரு ஆம்பிளை பொம்பளை எல்லோரும் அரிவாளும் கடப்பாரையுமாகப் போய் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். அன்று காலில் ஏறிய முள் சீழ் வைத்துத்தான் அப்பா இன்றைக்கும் நொண்டுகிறார். கண்மாயிலிருந்து கரம்பை மண் அடித்து பிட்ச் போட்டதும், தார் டிரம்முக்குள் கான்கிரீட்டைக் கொட்டி உருளை செய்ததும் உன் நாகையா சித்தப்பா. விஸ்வநத்தம் பக்கம் வெடி விபத்தில் நம் தெரு ஆட்கள் செத்துப்போன பிறகு அவர்கள் பேரில் பொங்கலுக்கு டோர்னமெண்ட் ஆரம்பித்தோம், சாத்தூரிலிருந்தெல்லாம் டீம் வந்தது. பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு என்று கேட்ட பையன்களிடம் அப்பா, "எம்புள்ள போடும்லே, நிக்க முடிஞ்சவன் எதிர்த்தாப்புல நில்லுங்க" என்றாரே, அதுவும் அந்த மண்ணில்தான்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி வந்தது அதற்கெல்லாம் அப்புறம். புல், சுற்றுச்சுவர், கேலரி, விளக்கு எல்லாம் அவர் செலவுதான், அதை மறைக்கக் கூடாது. "கிரவுண்டு என்னைக்கும் உங்களதுதான், வந்து விளையாடுங்க" என்று தெருவுக்கே வந்து கும்பிட்டுச் சொன்னார், நம்பினோம். விழா முடிந்த மறு ஞாயிறே வாட்ச்மேன் கேட்டைப் பூட்டி, முதலாளி அங்கே தொடங்கிய கிரிக்கெட் அகாடமியில் சேர்ந்தவர்கள்தான் உள்ளே வரலாம் என்றான். பலகையில் முதலாளி தகப்பனார் பெயர். பொங்கல் டோர்னமெண்ட் இனிமேல் கிடையாதாம்.

சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனோம். புறம்போக்கு நிலம், நாங்கள் திருத்தியது என்று அப்பா எடுத்துச் சொன்னார். கம்பெனி தரப்பு ஆள் செல்போனில் உன் பேச்சைப் போட்டு, "இவுக மகளே சொல்லுதா, கேளுங்க" என்றான். அப்பா வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் நாகையா சித்தப்பா, "சின்னப்புள்ள, மறந்துபோயிருக்கும், விடுங்க மதினி" என்றார். அன்று சாயங்காலமே போனில் உன்னைக் கேட்டேன். "எழுதிக் குடுத்தாக, படிச்சேன், அதுக்குப் போயி ஏம்மா" என்றாய். எழுதியவனுக்குத் தெரியாது ரோஜா, படித்த உனக்குத் தெரியும். முதலாளிமார் வாக்குத் தவறுவது நமக்குப் புதிதில்லை, அதை நான் தாங்கிக்கொள்வேன். உன்னிடம் இதை எதிர்பார்த்து நான் வளர்க்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை மறுபடியும் சூலக்கரை போகிறோம். நீ வர வேண்டாம். இருக்கிற இடத்திலேயே நின்று, அந்த மைதானம் யார் போட்டது என்று உன் வாயால் சொல்லி வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பு. அது வரும்வரை நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கவும் என்னால் முடியாது.

கை கால் சுகத்தோடு, எடுக்கிற விக்கெட்டெல்லாம் உன் பேர் சொல்ல நல்லா இரு. முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே, பச்சைத் தண்ணீரில் குளிக்காதே.

உன்னைப் பெற்றவள்,
அய்யம்மாள்