வேலியோரம் போட்ட கையெழுத்து

கண்ணு டேரியஸ்,

அன்று உன் அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி மைதானத்து வேலியோரம் நானும் உன் அப்பா லெராயும் எதிர்வீட்டு ஓடெலும் நின்றிருந்தோம்.

"இந்த வருஷம் அணிக்கு முதல் ஆளா ஒருத்தன எடுத்தானுங்களே, அவன் கையில பந்து நிக்கவே மாட்டேங்குது. நம்ம பய அள்ளுறான் பாரு!" என்று கத்தினான் ஓடெல். அப்போதுதான் ஒருவன் தலைக்கவசத்தோடு உன் தலையில் மோதினான். நீ எழுந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு என் தொப்பியில் கையெழுத்திட்டு, அடியில் இப்போதைய எண்ணை விட்டு உன் பழைய பள்ளிக்கூடச் சட்டை எண்ணை எழுதினாய். "பாட்டி, மேட்ச்ல யார் ஜெயிச்சா?" என்றாய். அன்று மேட்சே இல்லை.

"டாக்டர்கிட்ட வாயத் தொறக்காத. செவ்வாக்கிழம அணியிலருந்து ஆள் கழிக்கிறாங்க," என்றான் உன் அப்பா.

நாளை ஆட்டத்தில் இறங்காதே. இன்றே டாக்டரிடம் சொல். அணியில் இடம் போனால் போகட்டும். இன்னொரு அடியை உன் தலை தாங்காது.

மோதியவனை மன்னித்துவிட்டேன், அது அவன் பிழைப்பு. மன்னிக்கவே முடியாத ஆள் ஒருவன்தான்: நான் பெற்ற லெராய்.

உன் பாட்டி